அத்வா மலையில் அரை அங்குலம்

ஞாயிற்றுக்கிழமை காலையில், தோற்பதற்காகவே பஸ் பிடித்துப் போகிற ஆள் டெல்லியில் என்னைத் தவிர வேறு யாராவது இருந்திருப்பார்களா என்று தெரியவில்லை. சரோஜினி நகரிலிருந்து கோல் மார்க்கெட் வரை. குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் புளியங்கொட்டையோடு கிளம்புவேன். எண்பதுகளின் தொடக்கம். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் அசிஸ்டெண்டாக இருந்தேன். கோல் மார்க்கெட்டில் குடியிருந்த எங்கள் அண்டர் செக்ரட்டரி தஞ்சாவூர்க்காரர். அவருக்குப் போர் விளையாட்டில் பைத்தியம்.

அது என்ன விளையாட்டு என்று கேட்பவர்களிடம் செஸ் மாதிரி என்று சொல்லிவைப்பேன். அவர் காதில் விழுந்தால் கோபித்துக்கொள்வார். லண்டனில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். திரும்பும்போது மற்றவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு பெட்டி ஈயச் சிப்பாய்கள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். தொப்பி, துப்பாக்கி, பொத்தான் எல்லாம் வர்ணம் தீட்டியது. சாப்பாட்டு மேஜையில் பச்சைப் போர்வையை விரிப்பார். போர்வைக்கு அடியில் அரசாங்க விதிமுறைப் புத்தகங்களை அடுக்கினால் மலைகள் தயார். விடுப்பு விதிகள் ஒரு மலை, பயணப்படி விதிகள் ஒரு மலை. அந்த மலைகளுக்கு நடுவே, பகடை உருட்டி, டேப் வைத்து அங்குலக் கணக்கில் அளந்து படைகளை நகர்த்த வேண்டும். யார் சுட்டார், யார் விழுந்தார், யார் பயந்து ஓடினார் என்பதற்கெல்லாம் விதி உண்டு. அந்த விதிகளை அவர் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்து, பத்தி எண் போட்டு, டேக் கோத்து ஒரு ஃபைலாகவே வைத்திருந்தார்.

அவருக்குப் பிடித்த போர் ஒன்றே ஒன்றுதான். 1896-இல் இத்தாலிக்காரர்கள் எத்தியோப்பியாவைப் பிடிக்கப் போய், அத்வா என்ற மலைப்பகுதியில் செமத்தியாக அடி வாங்கித் திரும்பினார்கள். இரவோடு இரவாக மலையேறியபோது அவர்களுடைய படைப்பிரிவுகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிந்து போயின. ஒரு பிரிவு தனியாக வெகுதூரம் முன்னால் போய் மாட்டிக்கொண்டது. இத்தாலியத் தளபதியின் இடத்தில் தான் இருந்திருந்தால் அந்தப் போரை ஜெயித்திருக்கலாம் என்பது எங்கள் அண்டர் செக்ரட்டரியின் உறுதியான நம்பிக்கை. அதை அவர் ஒவ்வொரு ஞாயிறும் நிரூபித்துக்கொண்டிருந்தார். எத்தியோப்பியாவாக உட்கார்ந்து அந்த நிரூபணத்துக்கு ஒத்தாசை செய்தவன் நான்.

தோற்பது சுலபம் என்று நினைப்பவர்கள் மேலதிகாரியிடம் தோற்றுப் பார்த்ததில்லை. பதினோரு மணிக்கே தோற்றால் அவருக்குச் சப்பென்று போய்விடும். ஒரு மணி வரை இழுத்தால் பசியில் சிடுசிடுப்பார். பன்னிரண்டரை வரை அவரை மிரட்ட வேண்டும், நெற்றியில் வியர்வை வரவழைக்க வேண்டும், அப்புறம் ஒரு தப்பு செய்ய வேண்டும். அதுவும் முட்டாள்தனமான தப்பாக இருக்கக் கூடாது. அவருடைய சாமர்த்தியத்தால் நான் தடுமாறியதாகத் தெரிய வேண்டும். இதில் நான் கைதேர்ந்தவன். அந்தச் சாமர்த்தியத்தை வேறு எதிலாவது செலவழித்திருந்தால் உருப்பட்டிருப்பேன்.

காரணம் ரகசியமில்லை. அந்த வருடம் பதவி உயர்வுக் கமிட்டி கூடவிருந்தது. அவர் எழுதும் ரகசியக் குறிப்பில் ‘நன்று’ என்றிருந்தால் வரிசையில் நிற்கலாம். ‘மிக நன்று’ என்றிருந்தால் செக்‌ஷன் ஆபீசர். செக்‌ஷன் ஆபீசர் ஆனால் பெரிய குவார்ட்டர்ஸ். ஒற்றை அறையில் நாங்கள் இருவரும் இரண்டு பிள்ளைகளும் ஒரு தையல் மிஷினும் இருந்தோம்.

மனைவிக்கு இந்த விவரமெல்லாம் தெரியும். திருநெல்வேலிப் பேச்சு அவளுக்கு டெல்லியிலும் மாறவில்லை. “என்ன, இன்னைக்கும் நல்லபடியாத் தோத்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டே சோறு போடுவாள். கேலிதான். ஆனாலும் சாம்பாருக்குப் புளி கரைக்கும்போதெல்லாம் கொட்டைகளைக் கழுவி, காயவைத்து, பாட்டிலில் போட்டுவைப்பாள்.

அந்தக் கொட்டைகள்தான் எத்தியோப்பியர்கள். லண்டன் பெட்டியில் இத்தாலியர்களாக வைத்துக்கொள்ள ஆள் இருந்தது, எதிரிகளுக்கு இல்லை. “ஏதாவது கறுப்பா, நெறைய வேணும்யா” என்று அவர் முதல் ஞாயிறு யோசித்தபோது, “புளியங்கொட்டை சார்” என்று முந்திரிக்கொட்டை மாதிரி சொன்னவன் நான். “பிரமாதம்யா!” என்று என் முதுகில் தட்டினார். வீடு வரை அந்தத் தட்டு இனித்தது. பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்து “ஏ காலியா, ஆகே பட்”, ஏய் கறுப்பா முன்னால் போ, என்று கத்தினால் ஒரு வாரம் மனைவியிடம் பொருமுகிறவன் நான். அன்றைக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

எங்கள் செக்‌ஷனில் வெளிநாட்டு மாணவர்களின் உதவித்தொகை ஃபைல்கள் நடந்தன. அந்தக் குளிர்காலத்தில் எத்தியோப்பிய மாணவர் ஒருவர் அடிக்கடி வந்தார். ஆராய்ச்சிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் வேண்டும், உதவித்தொகையை நீட்டிக்க வேண்டும். ஒல்லியாக, உயரமாக, முழங்கை தேய்ந்த பழுப்புக் கோட்டு போட்டிருப்பார். என்னை அண்ணன் முறை வைத்து “பாய் சாப்” என்று கூப்பிடுவார். நீட்டிப்பு கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும், அங்கே சண்டை நடக்கிறது, இறங்கியதும் பட்டாளத்தில் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்று ஒரே ஒரு முறை சொன்னார். அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு வியாழக்கிழமை என் மேஜையில், ஞாயிற்றுக்கிழமைக்காக ஆபீஸ் நேரத்தில் நான் வரைந்துகொண்டிருந்த அத்வா வரைபடம் கிடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தலைகீழாகப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“பாய் சாப், இது எங்கள் மலை!”

அவருடைய தாத்தாவின் அப்பா அங்கே சண்டை போட்டவராம். கோவேறு கழுதை ஒன்றும் துப்பாக்கி ஒன்றுமாக ஊரிலிருந்து வாரக்கணக்கில் நடந்து போனாராம். இந்தியாவில், ஒரு சர்க்கார் ஆபீசில், ஒருவர் உட்கார்ந்து அத்வாவை வரைந்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தாங்கவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்களுக்கு எப்படி எங்கள் மேல் இவ்வளவு அன்பு என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

அண்டர் செக்ரட்டரியிடம் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் பல். “ஞாயித்துக்கெழமை கூட்டிண்டு வாய்யா அந்தப் பையனை. அவனே எத்தியோப்பியா ஆடட்டும். நீ நடுவரா இரு.”

மாணவரிடம் வந்து, ஜாக்கிரதையாக ஒரு வார்த்தை சொன்னேன். உங்கள் ஃபைல் அவர் மேஜையில்தான் இருக்கிறது, பார்த்து ஆடுங்கள் என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “ஃபைலுக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கே அந்த ஃபைல் கையெழுத்தாகி இறங்கிவிட்டது. ஒரு வருட நீட்டிப்பு. கடிதத்தை டைப் அடிக்கச் செய்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, ஆபீஸ் பிரதியின் ஓரத்தில் என் இனிஷியலையும் தேதியையும் போட்டு டிராயரில் வைத்தேன். அனுப்புகிற கிளார்க் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான்; மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, லீவு.

ஞாயிறு காலை பஸ்ஸில் மாணவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முக்கால் மணி நேரம். ‘உங்களுக்கு நீட்டிப்பு கிடைத்துவிட்டது’ என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை வருடம் எனக்கே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அவர் கொஞ்சம் பயந்துகொண்டே ஆடினால் நல்லது என்று நினைத்தேன். அவர் ஜெயித்து, அதிகாரியின் முகம் சுண்டினால், கூட்டிவந்தவன் நானல்லவா. கமிட்டிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

மேஜையில் இத்தாலியர்கள் வரிசையாகப் பளபளத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டிலைத் திறந்து, கொட்டைகளை மறுபக்கம் கொட்டினேன். மாணவர் ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

“இதுதான் நாங்களா?”

“பொம்மை கிடைக்கவில்லை, அதனால்தான்” என்று அதிகாரி இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். “இவருடைய ஐடியா!”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஜனவரியில் அது ஓடவில்லை, பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. மாணவர் வேறு எதுவும் கேட்காமல் கொட்டைகளை அணி அணியாக வைக்க ஆரம்பித்தார். குவியலாகத் தள்ளிவிடுவதுதான் என் வழக்கம். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்தார். விதிகளை நான் வாசித்தேன். எத்தியோப்பியர்களில் பாதிப் பேருக்கு ஈட்டி மட்டும்தான் என்ற பத்தி வந்ததும் நிமிர்ந்தார். துப்பாக்கி நிறைய இருந்தது, பீரங்கியும் இருந்தது என்றார். விதியில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார் அதிகாரி. சரி என்று தலையாட்டிவிட்டு, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து மலைகளைப் பார்த்தார். நான்கு வருடமாக அந்த மேஜையில் ஆடியிருக்கிறேன். அப்படிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதிகாரி எப்போதும் செய்வதைத்தான் செய்தார். இடதுபுறப் படையை வேகமாக முன்னால் தள்ளினார். நிஜமான அத்வாவில் இத்தாலியர்கள் செய்த அதே தப்பு. அதை ஒவ்வொரு ஞாயிறும் செய்திருக்கிறார், ஒவ்வொரு ஞாயிறும் அதை நான் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறேன். தான் ஒரு தப்பு செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம். மாணவர் விடுப்பு விதிகளுக்குப் பின்னால் ஒரு கூட்டத்தைச் சத்தமில்லாமல் கொண்டுபோனார். பதினொன்றரைக்கு அந்த இடதுபுறப் படையை மூன்று பக்கமும் கொட்டைகள் வளைத்துவிட்டன. நான்காவது பக்கமும் அடைபட்டால் விதிப்படி அந்தப் படை மொத்தமும் மேஜையை விட்டுப் போக வேண்டும். அது போனால் ஆட்டம் முடிந்தது.

அதிகாரியின் காது மடல் சிவந்தது. உள்ளேயிருந்து வந்த காபி ஆறிப்போனது. மாணவரின் முகத்தில் ஜெயிக்கப் போகிற குஷி இல்லை. வேறு ஏதோ இருந்தது. கோவில் சந்நிதியில் திரை விலகப் போகிற நேரத்தில் சிலர் நிற்பார்களே, அப்படி இருந்தார்.

“எட்டு அங்குலம்” என்றார். மலைச்சரிவில் ஒரு கூட்டம் ஒரு முறைக்கு எட்டு அங்குலம் போகலாம். கடைசிக் கூட்டத்தை நகர்த்தி இடைவெளியை அடைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

“இருக்குமாய்யா? அளந்து பாரு” என்றார் அதிகாரி. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் உத்தரவு எதுவும் இல்லை. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நியாயமாக அளக்கத்தான் சொன்னார்.

கையோடு கொண்டுவந்திருந்த மனைவியின் தையல் டேப்பை, கூட்டம் கிளம்பிய இடத்திலிருந்து விரித்தேன். எட்டு, அச்சாக எட்டு. கோடு கொட்டையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்போது டேப்பின் தொடக்க முனையைப் பிடித்திருந்த என் கட்டைவிரல் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. டேப்பும் கூடவே வந்தது.

“அரை அங்குலம் அதிகம் போயிருக்கு சார்” என்றேன்.

மாணவர் இன்னும் குத்துக்காலில்தான் இருந்தார். மேஜை விளிம்பில் மோவாயை வைத்திருந்தார். அவர் கண்ணுக்கும் என் கட்டைவிரலுக்கும் நடுவே எதுவும் இல்லை. விரலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். கையை நீட்டி, தன் கொட்டைகளைத் தானே ஒவ்வொன்றாக அரை அங்குலம் பின்னால் நகர்த்தி வைத்தார்.

அந்தச் சந்து வழியாக இத்தாலியப் படை தப்பித்தது. ஒரு மணிக்கு எங்கள் அண்டர் செக்ரட்டரி அத்வாவை ஜெயித்தார். இவ்வளவு நல்ல எதிரியை இதுவரை பார்த்ததில்லை என்று மாணவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். மைசூர்பாகு கொடுத்தார். என்னைப் பார்த்து, “கரெக்டா அளந்தேய்யா. நடுவர்னா இப்படி இருக்கணும்” என்றார். சந்தோஷமாகச் சொன்னார். அந்த மைசூர்பாகை நானும் சாப்பிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் வெயில் இதமாக இருந்தது. மாணவர் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே ஆரம்பித்தேன்.

“உங்களுக்காகத்தான் அப்படிச் செய்தேன். உங்கள் ஃபைல் அவரிடம் இருக்கிறது. கோபத்தில் ஏதாவது எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள்?”

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு அவர் முகம் இளகிவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மன்னித்துவிடுங்கள், பாய் சாப். நான் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன். எனக்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது.”

பரவாயில்லை என்றேன். வெட்கங்கெட்டவன், அவர் மன்னிப்பையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அதைச் சொல்லும்போது என் குரலில் பெருந்தன்மை கூட இருந்தது என்று நினைக்கிறேன். இன்றைக்கு எழுதும்போதும் காது சுடுகிறது.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள், “அந்தப் பையனாவது ஜெயிச்சானா?”

“தோத்துட்டார்.”

“ஏன், அவனுக்கும் பிரமோஷன் வேணுமாமா?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, “என்னத்துக்கு இப்படி மூஞ்சிய வச்சிருக்கீங்க, சாப்பிடுங்க” என்றாள். தலைவலி என்றேன்.

அன்றிரவு நான் யோசித்ததெல்லாம் கடிதத்தில் இருந்த வெள்ளிக்கிழமைத் தேதியைப் பற்றித்தான். கடிதத்தைத் திரும்ப டைப் அடித்து, திங்கட்கிழமைத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடலாமா என்று பார்த்தேன். என்ன காரணம் சொல்வது? ஃபைலில் அதிகாரி கையெழுத்துக்குக் கீழே அவர் கைப்பட வெள்ளிக்கிழமைத் தேதி இருக்கிறது. ஒரு பொய்யைக் காப்பாற்ற சர்க்கார் காகிதத்தில் கைவைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. தபாலில் அனுப்பிவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் திங்கட்கிழமை பத்தரைக்கு அவர் வந்து நின்றுவிட்டார்.

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். முதல் வரியைப் படித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார், அவர்கள் பாஷையில். பக்கத்து மேஜைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். பிறகு முழுக்கப் படித்தார். மேலே தேதிக்கு வந்தார். கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தார். ரசீதுக்காக நான் நீட்டிய ஆபீஸ் பிரதியில், ஓரத்தில் என் இனிஷியலும் அதன் கீழே தேதியும் இருந்தன. அங்கே அவர் கண் நின்றது.

“நேற்று இது உங்களிடம் இருந்ததா?”

“இருந்தது” என்றேன்.

“அளவு?”

“சரியாக எட்டு.”

தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டார், இன்றைய தேதியை நிதானமாக எழுதினார், பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். “ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும்” என்றார். “அப்பா கேட்பார். நாங்கள் ஜெயித்தோம் என்று எழுதப் போகிறேன், சார்.” அதுவரை அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு அவருக்கு எங்கள் செக்‌ஷனில் வேலையும் இல்லை, வரவும் இல்லை.

சாயங்காலம் அண்டர் செக்ரட்டரி கூப்பிட்டனுப்பினார். நேற்றைய சந்தோஷம் இன்னும் கலையவில்லை. “அடுத்த ஞாயிறு வந்துடு. பழையபடி நீயே எத்தியோப்பியா ஆடு.”

வாரம் முழுக்க எனக்குள் ஒரு வைராக்கியம் ஏறிக்கொண்டே வந்தது. இந்த முறை ஜெயித்துவிடுவது, பதவி உயர்வும் வேண்டாம், பெரிய குவார்ட்டர்ஸும் வேண்டாம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து முடிவே செய்துவிட்டேன். கொட்டைகளை அவர் வைத்த மாதிரி ஒவ்வொன்றாக, ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்தேன். அதிகாரி இடதுபுறப் படையை முன்னால் தள்ளினார். நான் விடுப்பு விதிகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்தேன். மூன்று பக்கமும் வளைத்தேன். பன்னிரண்டரை மணிக்கு நான்காவது பக்கம் திறந்து கிடந்தது. தூரம் ஆறு அங்குலம்கூட இருக்காது, டேப்பே வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதிகாரியின் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது.

கையை நீட்டினேன். அந்தக் கூட்டத்தை எடுத்து வேறு மலைக்கு நகர்த்தினேன்.

“அடடா, அங்க போயிட்டியே!” என்றார் அவர், நிஜமான பரிதாபத்தோடு.

“கவனிக்கல சார்” என்றேன்.